உன் ரெட்டைச் சுழிக்கு நான் கற்றுக்கொண்ட வெட்டு

என் பாரூர்க்காரா, மாதேசா,

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. உனக்கே தெரியும். நீ வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்துக்கு அனுப்புவாய், நான் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்புவேன். அதற்கும் திட்டுவாய். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உன் தம்பி கோபிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் ராயக்கோட்டை. ஆவணியில் முகூர்த்தம். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் அவன் தலையை நான்தான் வெட்டினேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு நீ யார், நான் யார் என்று தெரியாது. நீ இருந்திருந்தால் இந்த வேலையை உன்னிடமே தள்ளியிருப்பேன். கதை சொல்வது உன் துறை.

மத்திகிரியில் கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீடு. நீ ஐ.டி.ஐ. ஃபிட்டர், நான் டிப்ளமோ மெக்கானிக்கல். இரண்டு பேருக்கும் ஒரே கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. அந்த அறையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப்பெயர்தான். நான் பேரிகை, நீ பாரூர். என் பெயர் சீனிவாசன் என்பது உனக்குத் தெரியவே மாதக்கணக்கில் ஆயிற்று. தெரிந்த பிறகும் நீ பேரிகை என்றுதான் கூப்பிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் முடிவெட்டப் போனால் பாதி நாள் கடை பெஞ்சிலேயே போய்விடும். எனக்குக் காத்திருக்க வராது. அந்த எரிச்சலில்தான் ஒரு டிரிம்மரும் கத்தரியும் வாங்கினேன். முதலில் உட்கார்ந்தது நீ. குளிக்கிற பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "காத மட்டும் விட்டுடு, ஹெட்போன் மாட்டணும்" என்றாய். அடுத்தடுத்த வாரங்களில் அந்த வரிசை வீடுகள் முழுவதும் என் பக்கெட்டுக்கு வர ஆரம்பித்தது.

எனக்கு அது பிடித்திருந்தது. காரணம் எளியது. கம்பெனியில் காலையிலிருந்து லேத் மெஷினில் ஒரே மாதிரி இரும்புப் பின்னைக் கடைந்துகொண்டிருந்தேன். அது எந்த வண்டியில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. தலை அப்படி இல்லை. வெட்டி முடித்தால் எழுந்து நடந்து போகும். சாயந்தரம் டீக்கடையில் அதே தலையைத் திரும்பப் பார்க்கலாம். நன்றாக இருந்தால் தெரியும், கெட்டிருந்தாலும் தெரியும்.

உன் தலையில் மட்டும் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுழி. ஒன்று வலது பக்கம் சுற்றும், மற்றது இடது பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற முடி எங்கே போவது என்று தெரியாமல் எழுந்து நிற்கும். ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்பார்கள். பையன்கள் அதைக் கிண்டலுக்குச் சொல்கிறோம். பெண் கொடுக்கிறவர்கள் கிண்டலாக எடுத்துக்கொள்வதில்லை.

காவேரிப்பட்டணத்தில் உனக்குப் பெண் பார்க்கப் போவதாக முடிவானபோது உன் அம்மா போனில் சொன்னது ஒன்றுதான்: சுழி தெரியாமல் வெட்டிக்கொண்டு வா. நீ கடைக்குப் போகவில்லை. என் முன்னால் பக்கெட்டைக் கவிழ்த்தாய்.

எழுந்து நிற்பதைச் சீவித் தள்ளினால் மட்டம் வந்துவிடும் என்று நினைத்தேன். பட்டறைக்காரன் புத்தி. மேடு இருந்தால் எடு, அவ்வளவுதான். ஒரு நூல் அளவு எடுத்தேன், நின்றது. இன்னொரு நூல் எடுத்தேன், இன்னும் விறைத்துக்கொண்டு நின்றது. நான் வேகமாக எடுக்க எடுக்க, மண்டைத் தோல் தெரிய ஆரம்பித்தது. நீ கைக்கண்ணாடியை வாங்கிப் பின்னால் பிடித்துப் பார்த்தாய்.

"என்னாடா பேரிகை இது, கொம்பு மொளச்ச கன்னுக்குட்டி மாதிரி பண்ணிட்ட?"

நாளைக்குப் படிந்துவிடும் என்றேன். படியவில்லை. நெற்றியில் வழிகிற அளவுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போனாய். பெண்ணின் அத்தை தண்ணீர்ச் சொம்போடு உன் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்தாளாம். விருந்தாளிக்குப் பின்னாலிருந்து யாராவது தண்ணீர் கொடுப்பார்களா? மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. அதுவரைக்கும் நீங்கள் ஜாதகமே கொடுத்திருக்கவில்லை.

நீ வாரக்கணக்கில் சிரித்தாய். கேன்டீனில் புதிதாக யார் வந்தாலும் "இவன்தான் என் கல்யாணத்த நிறுத்துனவன்" என்று என்னை அறிமுகம் செய்தாய். எனக்குக் கிண்டல் உறைக்கவில்லை. ஏன் நின்றது என்பதுதான் உறுத்தியது. போனில் கிடைத்த வீடியோவை எல்லாம் பார்த்துத் தேடியதில் புரிந்தது: முடியைப் படிய வைப்பது அதன் எடை. நீளம் இருந்தால்தான் எடை. நான் எதை வெட்டினால் அடங்கும் என்று நினைத்தேனோ, அதை விட்டிருந்தால்தான் அடங்கியிருக்கும். தலைகீழாக வேலை செய்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு லேத் முன்னால் நிற்கவே பொறுமை இல்லை.

ஆமாம், அந்தப் பெண்ணை உனக்குப் பிடித்திருந்ததா? நான் கேட்கவே இல்லை.

வேலையை விட்டுவிட்டு முடி வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். நீ புத்தி சொல்வாய் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"இங்கயே இருந்தா மட்டும் பர்மனென்ட் பண்ணிடவா போறான்? போ," என்றாய். "ஆனா ஒண்ணு. எனக்கு அடுத்த பொண்ணு பாக்கறதுக்குள்ள கத்துக்கினு வந்துடணும். என் தலைய ஒழுங்கா வெட்டற வரைக்கும் நீ எனக்கு ஆளே இல்ல."

சரி என்றேன்.

அப்பாவிடம் சொன்னது பேரிகையில், தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது. "படிச்சது மெசினு, புடிக்கறது கத்தியா?" என்றார். அதற்கு மேல் சொன்னதை எழுதமாட்டேன். எந்த வேலையை எந்த வீட்டுப் பிள்ளைகள் செய்யவேண்டும் என்று ஊரில் வைத்திருக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும், படிக்கிறவர்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டு ஆட்கள் அந்த நாற்காலியில் உட்காருவார்கள், அதற்குப் பின்னால் நிற்கமாட்டார்கள்.

சரி, நிற்கிறவர்களிடமே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் போய்க் கேட்டேன். முதலாளி நல்ல மனிதர். எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று பொறுமையாக விசாரித்தார். நான் சொன்னதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளைக்கு உங்கப்பா நாலு பேரோட வந்து, எம் பையன முடி கூட்ட வச்சியான்னு கேட்டா நான் எங்க போறது தம்பி? வேணாம். டீ சாப்ட்டுப் போங்க."

அப்பா போகாதே என்றார், இவர் வராதே என்றார். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான். இன்னும் இரண்டு கடைகளில் கேட்டேன். டீ மட்டும்தான் கிடைத்தது.

அப்புறம்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் போனேன். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்ப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக் கடை. அங்கே சாதி கேட்கவில்லை, கன்னடமும் இந்தியும் இங்கிலீஷும் வருமா என்று கேட்டார்கள். பேரிகைக்காரனுக்குத் தெலுங்கும் கன்னடமும் பால்குடியிலேயே வந்துவிடும், மற்றதைச் சமாளித்தேன். கத்தரியைக் கையில் கொடுக்கவில்லை. கூட்டுவது, துண்டு மடிப்பது, தலைக்கு ஷாம்பு போட்டு அலசுவது. இதையே மாதக்கணக்கில். "டிப்ளமோ படிச்ச கை கூட்டுனா கோடு நேரா வரணுமே, வருதா?" என்று நீ போனில் கேட்டாய். வருகிறது என்றேன். உண்மையில் அங்கே என்னைப்போல் யாரும் மூலை வரை கூட்டியதில்லை.

கை போயிற்று. ஷாம்பு, சாயம், திரும்ப ஷாம்பு என்று விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய முடியாது, ஸ்பூனில் தின்றேன். தோல் டாக்டர் இந்த வேலை உனக்கு ஆகாது, வேறு பார் என்றார். வேறு வேலை வேண்டாம், எந்தக் கையுறை ஆகும் என்று சொல்லுங்கள் என்றேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதிக் கொடுத்தார். பார்த்தால் நாம் கம்பெனியில் கூலன்ட் எண்ணெயில் கை வைக்கும்போது போடுவோமே, அதே நீலக் கையுறை. மறுவாரம் நீ ஒரு பெட்டி கொண்டுவந்தாய். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. நீயும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பெட்டி மேல கம்பெனி பேரு இருக்குது, கிழிச்சுடு" என்றாய்.

கடைசியில் தனியாக ஒரு தலையைக் கொடுத்தார்கள். சுருட்டை முடிக்காரப் பெண். முன்முடி புருவத்தைத் தொடவேண்டும் என்றாள். ஈரமாக வாரி, இழுத்துப் பிடித்து, புருவத்துக்கு நேராக ஸ்கேல் வைத்தது போல் வெட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரனே திரும்பிப் பார்த்தான், அவ்வளவு நேர்கோடு. பிறகு டிரையரைப் போட்டேன். முடி காயக் காய மேலே ஏறியது. ஏறி, நெற்றி நடுவில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டது.

தகட்டை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் அது கொஞ்சம் திரும்பி நிமிரும். அதற்கு இடம் விட்டுத்தான் வளைக்கவேண்டும். பாலிடெக்னிக்கில் இதைப் படித்து, பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். முடிக்கும் அதே கதைதான் என்று எனக்குத் தோன்றவில்லை. கடையில் கூலிக்கு நின்றே கற்றுக்கொண்டவன் எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவனுக்குப் புருவம் வரை வேண்டும் என்றால் மூக்கு வரை விட்டு வெட்டத் தெரியும். நான் வரைபடம் பார்த்து வெட்டினேன். அந்தப் பெண் கத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேனேஜர் சொன்னார்.

அந்த வாரம்தான் நீ போன் செய்தாய். போச்சம்பள்ளியில் ஒரு பெண் சொல்லியிருக்கிறார்கள் என்றாய்.

"தலை காடா கெடக்குது. எப்படா வர்ற?"

என்னைத் துரத்தியதை நான் சொல்லவில்லை. பொறு, வருகிறேன் என்றேன். உன் குரல் கட்டியிருந்தது. காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறேன், லீவு போட்டால் அந்த மாதத்து வருகைப்படி போய்விடும் என்றாய். நானும் அதில் வேலை பார்த்தவன்தான். அதனால் எனக்கு அது தப்பாகவே படவில்லை. அடுத்த முறை நான் கூப்பிட்டபோது உன் போனை உன் அம்மா எடுத்தார்கள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ அணுக்கள் குறைந்துகொண்டே போவதாகச் சொன்னார்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. மெஷினில் லேசாகச் சத்தம் மாறினால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுகிறவன் நீ. உன் உடம்பு சத்தம் போட்டபோது ஏன் ஓட்டிக்கொண்டே இருந்தாய்?

பாரூரில் உங்கள் வீட்டு முன்னால் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன், உச்சிதான் தெரிந்தது. முடி நன்றாக வளர்ந்திருந்தது. நனைந்து, ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது. சுழி தெரியவில்லை. இரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் குனிந்து தேடினேன். யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். திரும்பவும் கம்பெனி, வேறு கம்பெனி, அதே பின். அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கவேண்டும். ஆனால் கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்கும்போது எனக்கு முன்னால் இருக்கிறவன் பின்னந்தலையைப் பார்ப்பேன். இவனுக்குச் சுழி எந்தப் பக்கம், காதுக்கு மேல் ஏன் ஒருபக்கம் ஏற்றி வெட்டியிருக்கிறான், பிடரியில் முடி மேல்நோக்கி வளர்கிறதே, அதை எப்படி முடிப்பது. வரிசை நகர்ந்தது தெரியாமல் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். விட்டுவிட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டேன், கண் விடவில்லை. மறுபடி ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

இந்தத் தடவை பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை. முதலாளி ஆந்திராக்காரர். யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பாயா என்று மட்டும் கேட்டார். அங்கேதான் உண்மையில் வேலை கற்றேன். ஓசூரில் தமிழன், கன்னடக்காரன், தெலுங்குக்காரன், பீகாரிலிருந்து வந்தவன் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: மீடியம். எவனுக்கும் மீடியம் ஒன்றில்லை. முதலில் எனக்கு ஆத்திரமாக வரும். எத்தனை நூல் வேண்டும் என்று சொல்லித் தொலையேன் என்று வாய்வரை வரும். பிறகு பழகிக்கொண்டேன். கையை முடிக்குள் விட்டுக் கொஞ்சம் இழுத்து, "இவ்வளவா?" என்று கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பேன். முகம் சுருங்கினால் அது அவன் மீடியம் இல்லை.

இப்போது சொந்தக் கடை. மத்திகிரி ரோட்டில், நம் லைன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தோல்விக் கணக்கு அதோடு நின்றுவிட்டதாக நினைக்காதே. செவ்வாய்க்கிழமை கடை திறந்தால் என்ன, யாருக்கு என்ன ஆகிவிடும் என்று திறந்து வைத்தேன். மற்ற கடைக்காரர்கள் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். ஆள் ஒருவரும் வரவில்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்து, தன் கட்டடத்தில் செவ்வாய்க்கிழமை முடி விழக் கூடாது என்று ஷட்டரை அவரே பாதி இழுத்துவிட்டார். நியாயம் பேசிப் பார்த்தேன். அவர் மீதியையும் இழுத்துவிட்டார். இப்போது செவ்வாய் எனக்கும் லீவுதான். நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

அப்பா? ஊரில் யார் கேட்டாலும் பையன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நான் வேலையை விட்டாலும் அவர் என்னை விடுவிக்கவில்லை. கடைக்கு வந்ததில்லை. வருவாரா என்று தெரியாது. காத்திருக்க எனக்கு நேரம் இல்லை.

கோபி விஷயத்துக்கு வருகிறேன்.

அவனும் உன் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார்கள். மறுநாள் ராயக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். கோபியை நான் முன்பு பார்த்தபோது மொட்டைத் தலை. உனக்காக எடுத்தது. இப்போது தொப்பியைக் கழற்றினான். அதே இடம், அதே இரண்டு சுழி, நடுவில் எழுந்து நிற்கிற அதே முடி. என் கையில் இருந்த துண்டை எங்கே வைத்தேன் என்று பிறகு தேடவேண்டியிருந்தது.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "கண்ணு, சுழி தெரியாம பண்ணிடு. பெரியவனுக்கு ஆன மாதிரி இவனுக்கு ஆயிடக் கூடாது," என்றார்கள். என்னைக் குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்கள். அதுதான் எனக்குக் கனமாக இருந்தது. இன்னொரு தடவை என் கையால் நின்றுபோனால் நான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

மறைப்பது இப்போது எனக்குப் பெரிய வேலை இல்லை. நீளத்தை விட்டு, ஒரே பக்கமாக டிரையர் கொடுத்து, கொஞ்சம் கிரீம் வைத்தால் எந்த அத்தை எத்தனை சொம்பு தண்ணீரோடு சுற்றி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தெளிப்பானை எடுத்து அவன் தலையை நனைத்து வாரினேன். சுழி இரண்டும் மறைந்தன. முடி ஒரே பக்கமாகப் படிந்தது.

அந்தத் தலையை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

கத்தரியை வைத்துவிட்டு டிரையரை எடுத்தேன். காய வைத்தேன். ஒவ்வொரு முடியாக எழுந்து, வலதும் இடதுமாகச் சுற்றி, பழைய இடத்துக்கு வந்து நின்றது. அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்கள். ஒரு விரலை ஒரு சுழி மேலும் இன்னொரு விரலை மற்றச் சுழி மேலும் வைத்தார்கள்.

"பெரியவனுக்கும் இதே எடந்தான்."

கோபி கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாண்ணா, வெட்டுவீங்களா மாட்டீங்களா? மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

நான் அம்மாவிடம் நேராகச் சொன்னேன். "மறைக்கலாம்மா. ஆனா தலைக்கு ஊத்திக் காஞ்சா தெரிஞ்சிடும். கல்யாணம் ஆனா தெனம் தெரியும். தெரியற மாதிரியே வெட்டறேன். நல்லா இருக்கும்."

கோபிதான் சொன்னான். "தெரிஞ்சா தெரியட்டும்மா. சுழிக்குப் பயந்துக்கினு பொண்ணு குடுக்காதவங்க, நாளைக்கு எதுக்கெல்லாம் பயப்படுவாங்களோ."

"நீயும் உங்கண்ணன் மாதிரியே பேசு," என்றார்கள் அம்மா. விரலை எடுத்தார்கள். "வெட்டு கண்ணு."

நனைக்காமல், உலர்ந்தபடியே வெட்டினேன். ஒவ்வொரு சுழியும் போகிற பக்கத்துக்கே கத்தரியைத் திருப்பினேன். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில் கை வைக்காமல் நீளத்தை விட்டேன். பாரூர் ஏரியில் மதகைத் திறந்தபோது ஒரு தடவை நீ கூட்டிப் போய்க் காட்டினாயே, தண்ணீர் இரண்டு பக்கமும் சுழித்துக்கொண்டு வந்து ஒரே வாய்க்காலில் போகும் என்று. அப்படித்தான் விட்டேன். அதன் எடையிலேயே நடுமுடி படிந்தது. சுழி இரண்டும் பளிச்சென்று தெரிந்தன, முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. பக்கெட்டில் உட்கார்ந்திருந்த உனக்கு நான் செய்திருக்கவேண்டிய வெட்டு இது.

அம்மா காசு நீட்டினார்கள். நான் பார்த்த பார்வையில் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவனுக்குக் கிருதா ஒருபக்கம் ஏறிவிட்டது. சாயந்தரம் அம்மாவின் போன். பெண்ணின் பெரியம்மா கோபியின் பின்னால் போகவே இல்லையாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பையனுக்கு ரெட்டைச் சுழி, ரெண்டு கல்யாணம் ஆகுமே என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாராம். அத்தனை பேரும் கையில் இருந்த காபியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். அப்போது உள்ளே இருந்து பெண்ணின் குரல் வந்ததாம்.

"ஆவட்டும் பெரிம்மா. ரெண்டாவதும் என்னையே கட்டிக்கச் சொல்லு."

இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், "பெரியவன் இருந்திருந்தா," என்றார்கள். சரிம்மா என்று நானும் போனை வைத்துவிட்டேன். காவேரிப்பட்டணத்துப் பெண்ணும் உள்ளே இருந்து ஏதாவது சொன்னாளா? அவள் அத்தை அதை நம் காதில் விழவிடாமல் செய்துவிட்டாளா?

ஒரு சிக்கல் இருந்தது. பாரூரில் மாப்பிள்ளைக்குக் கல்யாணக் காலையில் சவரம் செய்கிற உரிமை முனுசாமி அண்ணனுடையது. அவர் அப்பா காலத்திலிருந்து வருவது. உங்கள் வீட்டில் நல்லதும் கெட்டதும் அவர் கையால்தான். கேட்காமல் கத்தரியோடு போய் நின்றால் மரியாதை இல்லை. போய்க் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் யார் வீட்டுப் பையன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"உங்க வூட்டுல தெரியுமா?"

"தெரியும்ணா."

"பேசறாங்களா?"

"சோறு போடறாங்க."

சிரித்துவிட்டார். "மொகம் என்னுது, தலை உன்னுது. போ," என்றார்.

ஆகவே ஆவணியில் கத்தரியும் டிரையரும் எடுத்துக்கொண்டு பாரூர் வருகிறேன். முனுசாமி அண்ணன் முகத்தை முடித்ததும் தலை என் கைக்கு வரும். நனைக்கமாட்டேன். உன் வீட்டில் இனி யார் தலையை வெட்டினாலும் உலர்ந்தபடிதான், சுழி கண்ணுக்குத் தெரியும்படிதான். கோபிக்குப் பிள்ளை பிறந்து, அதற்கும் அந்த இடத்தில் இரண்டு சுழி விழுந்திருந்தால், அந்தத் தலையும் என் பொறுப்பு. எவருக்காகவும் மறைத்துக் கொடுக்கமாட்டேன். இது வாக்கு. நான் "சரி" என்று சொன்னால் செய்வேன் என்பது உனக்குத் தெரியும், கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.

நீ கேட்ட வெட்டை வெட்டிவிட்டேன், மாதேசா. உட்கார்ந்த ஆள் மட்டும் வேறு. இப்போதாவது சொல், நான் உனக்கு ஆளா?

உன் கல்யாணத்தை நிறுத்தியவன்,
உன் தம்பிக்கு மிச்சமிருக்கிற அண்ணன்,
பேரிகை